தேய்ந்த குழிகள்

புறநானூற்றின் 52-ஆம் பாடலில் மருதன் இளநாகனார், பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பாடுகிறார். பாடலின் முற்பகுதியில் வேந்தன், குகையை வெறுத்து இரை தேடி எழுகின்ற புலி. பிற்பகுதியில் அவன் சினத்துக்கு ஆளான பகைவரின் நாடு. பாழ்பட்ட நாட்டைக் காட்டப் புலவர்க்குப் பொருளா இல்லை? எரிந்த மாடம், சரிந்த மதில், தூர்ந்த குளம் என எதையும் அவர் எடுத்திருக்கலாம். அவற்றை விடுத்து, ஊர்ப் பொதியிலின் தரைமேல் அவர் கண் நிலைக்கிறது. வழிபாடு நின்றுபோன மன்றம் அது. அங்கே நரைத்த முதியவர்கள் காய்களை வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாட்டக் களம் கிடக்கிறது. அக்குழிகள் நிறையக் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. நாடு காடானதற்கு இதுவே அவர் தரும் சான்று.

வல் என்பது சூதாடு கருவி என்று உரைகாரர் பொருள் கூறுவர், பொருள் சரியே. ஆயினும் அவ்விளக்கத்தோடு நின்றுவிட்டால் பாடலின் உயிர்நிலை கைநழுவிவிடுகிறது. அவ்வுயிர்நிலை, தரை குழிந்தது என்னும் செய்தியில் இருக்கிறது. அக்குழிகளை எந்தத் தச்சனும் வெட்டவில்லை. விரல்களும் காய்களும் நாளும் பட்டுப் பட்டு, ஒரு தலைமுறைக் கிழவர்கள் எழுந்துபோக அடுத்த தலைமுறைக் கிழவர்கள் வந்தமர, தரையே இறங்கிக் கொடுத்தது. ஒரு தரை அப்படித் தேய்வதற்கு எத்தனை ஆண்டுகள் அவ்வூரில் போர் இல்லாமல் இருந்திருக்கவேண்டும்! எத்தனை மாலைகளில் இருவர் அச்சமின்றி எதிரெதிரே அமர்ந்திருக்கவேண்டும்! அமைதி எவ்வளவு காலம் நிலவியது என்பதை அளக்க அப்புலவர் எடுத்த அளவுகோல் தேய்மானம்.

அந்த அளவுகோலைக் கொண்டு, நம் வீடுகளில் தேய்ந்து கிடக்கும் ஆட்டப்பலகைகளை மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நூல்களுக்குத் திறனாய்வு எழுதுகிறோம்; நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். பல தலைமுறைகளாக மக்கள் கையில் பயின்றுவந்த ஆட்டங்களுக்கு மட்டும் பாராட்டுரையோ இரங்கலுரையோதான் வாய்க்கிறது. பழந்தமிழர் அறிவு என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த ஆட்டம் சிறந்தது, எது குறையுடையது, ஒன்று தேயத் தேய இனிப்பதும் மற்றொன்று தேய்ந்தால் கெடுவதும் ஏன் என்று நாம் கேட்பதில்லை.

பொம்மையார்பாளையத்துப் பலகை

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மீனவர் ஊர் பொம்மையார்பாளையம். அதற்கும் வடக்கே மரக்காணத்தின் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. இக்கரையில் வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்திகளில் உப்பு விளையாது. உப்பளத் தொழிலாளர்க்கு வேலை இல்லை. கை ஓய்ந்திருக்கும் இத்தகைய மாதங்களில்தான் திண்ணைகளில் கட்டங்கள் வரையப்பட்டன; பரண்களிலிருந்து பல்லாங்குழிகள் இறங்கின.

அவ்வூரில் ஒரு வீட்டில் அத்தகைய பலகை ஒன்றைப் பார்த்தேன். மடித்து மூடும் மரப்பலகை. உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து உதிர்ந்துவிட, வலை பின்னும் நைலான் நூலால் இரு பாதிகளையும் பிணைத்திருந்தார்கள். 14 குழிகளின் விளிம்புகளும் மழுங்கி, உட்புறம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. அவ்வீட்டுப் பாட்டி சொன்னார்: “எங்க மாமியா பொறந்த வீட்லேர்ந்து கொண்டாந்தது சாமி. குழி ஆழமாப் போச்சு. எத்தினி சோழி கெடக்குதுன்னு மேலேர்ந்து பாத்தா தெரியாது. மனசுல வச்சிக்கிட்டுத்தான் ஆடணும்.” புதியது வாங்கித் தருவதாகப் பேரன் சொன்னதை அவர் ஏற்கவில்லை. “புதுசுல போட்டா சோழி துள்ளி வெளிய விழுது” என்பது அவர் கூறிய காரணம். இதைப் பழமைப்பற்று என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு கருவியை நெடுங்காலம் கையாண்டவர் வேறொரு கருவியோடு அதை ஒப்பிட்டுக் கூறிய தீர்ப்பு இது. திறனாய்வு என்பதும் இதுதானே?

கடலோர வீடுகளில் இத்தகைய பலகைகள் இன்று அருகிவிட்டன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது வீட்டுப் பொருள்கள் எத்தனையோ கடலோடு போயின. நிவாரணக் கணக்கில் படகும் வலையும் பாத்திரமும் எழுதப்பட்டன. ஆட்டப்பலகையை யார் எழுதுவார்?

நான்கு ஆட்டங்கள்

முதலில் பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பதினான்கு குழி என்பதே மருவி இப்பெயராயிற்று என்பது சொல்லாய்வார் கருத்து. ஆளுக்கு 7 குழி. குழிக்கு 5 காய் என வைத்தால் மொத்தம் 70. சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எதுவும் காயாகும். ஒரு குழியை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுச் சென்று, கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வது ஆட்டம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை விரலால் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பலகையைத் தேய்ப்பதில் இந்தத் துடைக்கும் விரலுக்கும் பங்குண்டு. வெறுமையைத் தடவிய பிறகே பரிசு என்பது இதன் விதி.

மறைவு என்பது இவ்வாட்டத்தில் இல்லை, பகடையும் இல்லை. எல்லாக் காய்களும் இருவர் கண்முன்னே கிடக்கின்றன. ஆயினும் சில சுற்றுகளுக்கு மேல் முன்கூட்டிக் கணக்கிடுவது தேர்ந்தவர்க்கும் கடினம். ஆகவே பேத்தி பாட்டியை வெல்லும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் அது ‘பசு’. பல ஊர் வழக்கில், பசு விளைந்த குழி யார் பக்கமோ அவருக்கே அது உரியது. நான்காவது காயை இட்டது எதிராளியின் கையாக இருந்தாலும் சரியே. பிறர் விதைத்ததில் நமக்கு விளைச்சல் கிடைக்கும் ஆட்டம் இது.

குறையையும் சொல்லவேண்டும். ஒரு சுற்றில் காய் இழந்தவர் அடுத்த சுற்றில் தம் குழிகளை நிரப்ப இயலாமல் சிலவற்றை விட்டுவிட நேர்கிறது. குழி குறைந்தவர்க்கு வரவும் குறைகிறது. ஒருமுறை சரிந்தவர் மீள்வது அரிது. உடையவர்க்கே மேலும் சேர்கிறது. நம் கடற்கரைகளில் வட்டிக்கு வாங்கியவர் நிலையை அறிந்தவர்கள் இதையும் அறிவார்கள். தோற்றுத் தேய்ந்தவரை உடனே எழுப்பிவிடாமல், குழிக்கு ஒரு காய் வீதம் வைத்துத் தொடரவிடும் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்னும் வழக்கு சில இடங்களில் உண்டு. ஆடியவர்கள் உள்ளத்திலிருந்து பிறந்த இரக்கம் அது. ஆனால் அந்தக் கஞ்சி தோல்வியைத் தள்ளிப்போடுகிறதே அன்றிப் பெரும்பாலும் மாற்றுவதில்லை.

அடுத்தது ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள். பக்கத்து ஆட்டுக்கு அப்பால் வெற்றிடம் இருந்தால் புலி தாண்டிச் சென்று ஆட்டை வெட்டும். ஆடு எதையும் வெட்டாது. இடைவெளி விடாமல் நெருங்கி நின்று புலியை அசையவிடாமல் அடைப்பது ஒன்றே அதன் வழி. படையில் சமம் இல்லை, விதியில் சமம் இல்லை, வெற்றியின் இலக்கிலும் சமம் இல்லை. இவ்வளவு ஏற்றத்தாழ்வை வைத்துக்கொண்டு நியாயமான ஓர் ஆட்டத்தை அமைத்த அறிவு வியப்புக்குரியது. நம் ஆட்டங்களுள் இதையே தலைசிறந்த படைப்பு என்பேன்.

கோயில் மண்டபத் தரைகளிலும் ஊர்ப்புறப் பாறைகளிலும் இதன் கோடுகள் வெட்டப்பட்டுள்ளன. கல் தேய்ந்து கோடு மங்கினால் கரித்துண்டால் அதன்மேலேயே இழுத்துக்கொள்வார்கள். கோடு போனாலும் ஆட்டம் போவதில்லை; 23 புள்ளிகளும் ஆடுவோர் மனத்தில் இருக்கின்றன. முன்சொன்ன புறப்பாட்டோடு இதை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே வேந்தனாகிய புலி எழுந்தது, கூடியிருந்த முதியவர் சிதறினர், பொதியில் காடாயிற்று. சிதறாமல் நிற்பவரைப் புலி வெல்லாது என்று இவ்வாட்டம் மறுமொழி கூறுகிறது.

மூன்றாவது தாயம். இதன் கட்டத்தைச் சுண்ணாம்பாலோ கரியாலோ தரையில் வரைவார்கள். மறுநாள் துடைப்பம் அதை அழித்துவிடும். ஆகவே தாயத்தில் தேய்வது களம் அன்று, பகடை. நான்கு முகங்கள் கொண்ட நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டும் உள்ளங்கைகளுக்கிடையில் உருண்டு உருண்டு விளிம்பு மழுங்குகின்றன, புள்ளிகள் மறைகின்றன. விழுந்தது ஒன்றா இரண்டா என்று வாக்குவாதம் எழுகிறது. அதைவிட நுட்பமான கேடு ஒன்றும் உண்டு. ஒரு பக்கம் மிகுதியாக மழுங்கிய கட்டை எல்லா முகத்திலும் ஒன்றுபோல் விழாது.

தேய்மானத்தின் இருவேறு இயல்புகளை இங்கே காண்கிறோம். சிந்தனையால் ஆடும் ஆட்டத்தில் தேய்மானம் நியாயத்தைத் தொடுவதில்லை. குழி எவ்வளவு ஆழமானாலும் 5 காய் 5 காயே. தற்செயலை நம்பும் ஆட்டத்திலோ தேய்மானம் நியாயத்தையே அரித்துவிடுகிறது. அதன்மேல் பணமும் வைத்தால் சொல்லவேண்டுவதில்லை. சூதைக் கண்டிக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவரே கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், களம் வகுக்காமல் வட்டாடுவதை உவமையாக எடுத்தார். ஆட்டத்துக்கு வரம்பு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். வரம்புக்குள் ஆடுவதை அவர் இழித்துரைக்கவில்லை.

நான்காவது பரமபதம். ஏணியும் பாம்பும் கொண்ட இப்படத்தை வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவது வழக்கம். இவ்வகை ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கும் சென்று அங்கே சிறுவர் விளையாட்டாயிற்று. நற்செயல் ஏற்றும், தீச்செயல் இறக்கும் என்னும் பாடம் படத்தில் தெளிவாக உள்ளது. ஆனால் ஆட்டம் என்னும் அளவில் இது மற்ற மூன்றுக்கும் பின்னேதான் நிற்கும். ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பகடை சொன்ன இடத்துக்குக் காய் போகிறது. அறத்தைப் போதிக்கும் ஆட்டத்தில் அறத்தெரிவுக்கு இடமில்லை என்பது பெருங்குறை. பழைய பரமபதத் தாள்களைப் பாருங்கள்: மடிப்புகளில் கிழிந்திருக்கும், கட்டங்களில் அவ்வளவு தேய்ந்திருக்காது. ஆண்டுக்கு ஓரிரவு விரித்து மடித்து வைத்ததன் அடையாளம் அது. பாடம் சொல்லும் ஆட்டத்தை மக்கள் மதித்தார்கள். நாள்தோறும் எடுத்தது வேறு ஆட்டங்களை.

திருச்சபையின் இரு குரல்கள்

கிறிஸ்தவ மரபு ஆட்டப்பலகையை எவ்வாறு நோக்கியது? இரு குரல்கள் கேட்கின்றன. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் திருநிலையினர் பகடை ஆடுவதைத் தடை செய்தது. புனிதரான பிரான்சு அரசர் ஒன்பதாம் லூயி 1250-இல் எகிப்திலிருந்து ஆக்கர் நோக்கிக் கப்பலில் செல்கையில், தம் தம்பி சூதாடுவதைக் கண்டு சினந்து பகடையையும் பலகையையும் கடலில் எறிந்தார் என்று உடனிருந்த ழுவான்வீல் எழுதிவைத்தார்.

மற்றொரு குரல் கல்லில் இருக்கிறது. இங்கிலாந்தில் கான்டர்பரி, நார்விச், கிளஸ்டர், வெஸ்ட்மின்ஸ்டர் ஆகிய இடங்களில் இருந்த பழைய பெனடிக்ட் சபை மடங்களின் சுற்றுமண்டபக் கல்லிருக்கைகளில், மூன்று காய்களை வரிசையாகச் சேர்க்கும் ஆட்டத்தின் கோடுகள் கீறப்பட்டுள்ளன. துறவியரோ, அவர்களிடம் பயின்ற சிறுவரோ அங்கே அமர்ந்து ஆடியிருக்கிறார்கள். செபத்துக்கும் உழைப்புக்கும் நேரம் வகுத்து வாழ்ந்த இல்லங்களிலும் இருவர் எதிரெதிரே அமரும் பொழுது வாய்த்திருந்தது.

இவ்விரு குரல்களையும் இணைத்துத் தெளிவு தந்தவர் புனித தோமா அக்குவினார். ‘இறையியல் தொகுப்பு’ நூலின் இரண்டாம் பாகத்துப் பிற்பகுதி 168-ஆம் வினாவில் அவர் விளையாட்டை ஆராய்கிறார். உடல் களைத்தால் ஓய்வு வேண்டுவதுபோல் உள்ளம் களைத்தால் விளையாட்டு வேண்டும் என்பது அவர் வாதம். எப்போதும் நாணேற்றிய வில் முறிந்துவிடும் என்று நற்செய்தியாளர் யோவான் உணர்த்தியதாக வழங்கும் பழங்கதையை அவர் எடுத்தாள்கிறார். ஆள், காலம், இடம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஆடவேண்டும் என்று வரம்பிடுகிறார். அதோடு நில்லாமல், விளையாட்டுணர்வே இல்லாமல் பிறர்க்குச் சுமையாக இருப்பதும் குற்றமே என்கிறார். 1952-இல் இயேசு சபைக் குரு ஊகோ ரானர் ‘விளையாடும் மனிதன்’ என்னும் பொருள்தரும் தலைப்பில் செருமானிய மொழியில் வெளியிட்ட சிறுநூல் இம்மரபை நம் காலத்துக்கு மீட்டுத் தந்தது. இறைஞானம் படைப்பின் தொடக்கத்தில் கடவுள்முன் மகிழ்ந்து விளையாடியதாக நீதிமொழிகள் 8-ஆம் அதிகாரம் காட்டும் காட்சி இச்சிந்தனைக்கு வேர்.

எல்லாத் தேய்ந்த கோடுகளும் அமைதியின் சான்று என்றும் சொல்லிவிட முடியாது. எருசலேமில் சீயோன் அன்னை சபைச் சகோதரிகளின் மடத்துக்கு அடியில் உள்ள பழைய கல்தளத்தில் உரோமையர் ஆட்டத்தின் கீறல்கள் உள்ளன. பிலாத்து அமர்ந்த கல்தளம் அதுவே என்றும், காவலர் நம் ஆண்டவரை எள்ளி ஆடிய இடம் அதுவே என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டது. அத்தளம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் இடப்பட்டது என்பதே இன்று தொல்லியலார் பலரின் முடிவு. இடம் வேறாயினும், சிலுவையடியில் அங்கிக்காகச் சீட்டுப் போட்டவர்களை நற்செய்தி மறைக்கவில்லை. எதிரே இருப்பவர் சக ஆட்டக்காரர் என்னும் நிலை மாறி, ஒருவர் துன்பமே பந்தயமாகும்போது ஆட்டம் கெடுகிறது.

புதிய பலகைகள்

இன்று இவ்வாட்டங்களை மீட்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. சென்னையில் ‘க்ரீடா’ போன்ற நிறுவனங்கள் பழைய ஆட்டங்களைப் புதிதாகச் செய்து தருகின்றன. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்தபின் மக்கள் ஆர்வமும் பெருகியுள்ளது. இவை வரவேற்கத் தக்கவை. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. பல்லாங்குழி கணக்கறிவை வளர்க்கும், ஆடுபுலி திட்டமிடலைக் கற்பிக்கும், விரல்களுக்குப் பயிற்சி என்றெல்லாம் பயன்களை அடுக்கித்தான் இவற்றை நாம் பரிந்துரைக்கிறோம். பயன் உண்மையே. ஆனால் பயனுக்காக வாங்கிய பலகை பெரும்பாலும் தேய்வதில்லை. பொம்மையார்பாளையத்துப் பாட்டி கணக்குப் படிக்க ஆடவில்லை. பொதியிற் கிழவர்களும் மூளைப்பயிற்சிக்காக அமரவில்லை. ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆடினார்கள். அதனால்தான் மரமும் தரையும் தேய்ந்தன. வரவேற்பறையில் அழகுப்பொருளாக நிற்கும் பலகைக்கு வார்னிஷ் மங்காது. அது காக்கப்பட்டிருக்கிறது என்று நாம் மகிழலாம். பயன்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது.

மறுபுறம் கைப்பேசி. அதில் தாயமும் உண்டு, சீட்டும் உண்டு. எத்தனை ஆயிரம் முறை ஆடினாலும் அக்கட்டம் தேயாது, புள்ளி மங்காது. தேய்வது ஆடுபவரின் சேமிப்பு. தடைக்காலத்தில் வருவாயின்றி இருக்கும் இளைஞர்க்கு அத்திரை விரிக்கும் வலையை நம் பங்குகளில் பலர் அறிவர். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழக அரசு இயற்றிய சட்டம் 2023-இல் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. சட்டம் வலையை அறுக்கலாம். ஓய்ந்த கைகளுக்கு வேறு ஆட்டத்தைத் தருவது சட்டத்தின் வேலை அன்று. அது வீட்டின் வேலை, ஊரின் வேலை, பங்கின் வேலை.

புறநானூற்றுப் புலவர் அழிந்த ஊருக்குத் தந்த அடையாளத்தைக் கண்டோம். இறைவாக்கினர் செக்கரியா மீண்டெழும் ஊருக்குத் தரும் அடையாளத்தை அதன் அருகில் வைத்துப் பாருங்கள். 8-ஆம் அதிகாரத்தில் எருசலேமின் புதுவாழ்வை விவரிக்கும் அவர், முதுமையால் கோலூன்றிய முதியவர்கள் தெருவில் அமர்ந்திருப்பதையும், தெருவெங்கும் சிறுவர் சிறுமியர் விளையாடுவதையும் சொல்கிறார். வைகைக் கரைத் தமிழ்ப்புலவரும் யூதேயாவின் இறைவாக்கினரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஓர் ஊர் வாழ்கிறதா என்று பார்க்க இருவரும் சென்ற இடம் ஒன்றே: முதியவர் அமரும் பொது இடம்.

நம் ஊர்களை அவ்வளவுகோலால் அளந்தால் என்ன விடை வரும்? முதியவர்கள் இருக்கிறார்கள், தனித்தனி அறைகளில் தொலைக்காட்சி முன் இருக்கிறார்கள். சிறுவர்கள் விளையாடுகிறார்கள், எதிரே முகம் இல்லாமல் விளையாடுகிறார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து பூட்டப்படும் பங்கு மன்றங்கள் நம்மிடம் பல உண்டு. மழைக்காலத்திலும் தடைக்காலத்திலும் மாலையில் அவற்றைத் திறந்து வைத்தால் பெருஞ்செலவு ஆகாது. தரையில் 23 புள்ளிகளை வரைய ஒரு சுண்ணக்கட்டி போதும். பரணில் கிடக்கும் பலகையைப் பழம்பொருள் வணிகருக்குக் கொடுக்குமுன் அதைத் துடைத்து அங்கே கொண்டுவாருங்கள். கீல் உடைந்திருந்தால் நூலால் கட்டிக்கொள்ளலாம். சோழி தொலைந்திருந்தால் புளியங்கொட்டை இருக்கிறது. வீட்டில் உள்ள பாட்டியை அழைத்து வந்து ஒரு பக்கம் அமரச் செய்து, மறுபக்கம் ஒரு சிறுமியை அமரச் செய்யுங்கள். விதிகளை அவரே சொல்லிக்கொடுப்பார்.